தேய்ப்பது வேறு, துடைப்பது வேறு

ரைபிள் குழலை அதன் உட்புறம் கெடாமல் சுத்தம் செய்யும் முறையைப் பற்றி இன்று நாம் பேசப்போகிறோம். "அடுப்படியிலும் வெட்டுக்காட்டிலும் பாடுபடுகிற நமக்கு ரைபிள் பேச்சு எதற்கு?" என்று தாய்மார்கள் சிலர் வானொலியை மூடப் பார்க்கலாம். சற்றே பொறுத்துக் கேளுங்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் ராணுவத்திலும் காவல்துறையிலும் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆயுதம் தாங்கிய காவலராக வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வாழும் நம் உறவினரின் ஆண்பிள்ளைகளுக்கு 1967ஆம் ஆண்டிலிருந்து தேசிய சேவை கட்டாயமாக இருந்து வருகிறது. இந்தப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போனதும் கையில் வாங்கும் முதல் பொருள்களில் ஒன்று ரைபிள். சுடக் கற்றுக்கொள்ளும் முன்பே அதைத் துடைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ரைபிளை மட்டுமல்ல, நம் கையில் இருக்கும் எந்தக் கருவியையும் பேணும் வழி நமக்குத் தெரிந்துவிடும்.

வயதில் மூத்தவர்களுக்கு ரைபிள் புதிய பொருள் அன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் கையில் அன்று இருந்த ஆயுதங்களில் முக்கியமானது லீ என்ஃபீல்டு ரைபிள். அதன் மரப்பிடியின் அடிப்பக்கத்தில், பித்தளைத் தகட்டில், ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய எண்ணெய்க் குப்பியும், சுருட்டி வைத்த ஒரு கயிறும் இருக்கும். ரைபிள் எங்கே போனாலும் அதைத் துடைக்கும் கயிறும் எண்ணெயும் அதன் வயிற்றுக்குள்ளேயே போக வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். துடைப்பது அவ்வளவு முக்கியம்.

முதலில் குழலின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். தண்ணீர்க் குழாய் போல அது வழவழப்பாக இருக்கும் என்று நாம் நினைக்கலாம். ரைபிளில் அப்படி இல்லை. உள்ளே திருகாணியின் மரை போல, ஆனால் மிக நீண்டு, மெல்ல வளைந்து செல்லும் பள்ளங்கள் இருக்கின்றன. லீ என்ஃபீல்டின் வழக்கமான குழலில் இப்படி ஐந்து பள்ளங்கள் உண்டு. ஒரு பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர 10 அங்குல நீளம் ஆகும். குண்டு இந்தப் பள்ளங்களில் இறுகப் பிடிபட்டுச் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. குழலை விட்டுப் போகும்போது அது வினாடிக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுச் சுற்றுகிறது. பம்பரம் ஏன் சாயாமல் நிற்கிறது? வேகமாகச் சுழல்வதால். சுழற்சி குறைந்தால் தள்ளாடி விழுகிறது. குண்டும் அப்படித்தான். சுழல்வதால்தான் அது புரளாமல் நேரே போகிறது.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிற அந்தப் பள்ளத்தின் ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் 0.15 மில்லிமீட்டர்தான். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்தால் வரும் கனத்துக்கு ஏறத்தாழச் சமம். இக்கால ராணுவ ரைபிள்கள் பலவற்றில் அதனினும் ஆழம் குறைவு. அந்த மெல்லிய வரம்பு தேய்ந்தாலும் துருவால் அரிபட்டாலும் ரைபிள் குறி தவறும். குழலைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. புதுக் குழல்தான் மாற்ற வேண்டும்.

பால்மரம் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மரத்தின் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும் என்பது முறை. கை அழுந்தி உளி உள்ளே பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் காயம் விழும். பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அதில் அடுத்த முறை வெட்ட முடியாது. மரத்திற்குக் கை எவ்வளவு அடங்கியிருக்க வேண்டுமோ, குழலுக்கு அதைவிட அதிகமாக அடங்கியிருக்க வேண்டும். மரமாவது புதுப் பட்டை விடும். இரும்பு விடாது.

சரி, குழல் எதனால் கெடுகிறது? இரண்டு காரணங்களால். ஒன்று, துடைக்காமல் விடுவது. மற்றொன்று, தவறாகத் துடைப்பது. முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? தோட்டாவின் அடியில் எரியூட்டும் மருந்து வைத்த சிறிய மூடி ஒன்று இருக்கிறது. ரைபிளின் ஊசி அதில் அடித்ததும் தீப்பொறி எழுந்து, உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்கிறது. பழைய காலத்து ராணுவத் தோட்டாக்களில் அந்த எரியூட்டு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்னும் பொருள் கலந்திருந்தது. நாம் அடுப்பு மூட்டும் தீக்குச்சியின் தலையிலும் இருப்பது இதுதான். அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறிக் குழலின் உட்சுவரில் படிகிறது. நம் சமையல் உப்புக்கு இது பங்காளி.

மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகிறது? உப்பு கசிந்து நீராகிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. குழலில் படிந்த உப்பும் அதையே செய்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 84 பங்கைத் தாண்டினால் இந்த உப்பு தானே கசிந்து நீராகத் தொடங்கும். நம் நாட்டில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமான காரியம். மாலையில் சுட்ட ரைபிளைத் துடைக்காமல் சுவரில் சாய்த்து வைத்தால், இரவு முழுவதும் அதன் குழலுக்குள் உப்புநீர் இருந்தது என்று பொருள். காலையில் துரு ஏறத் தொடங்கியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டோமே" என்று சிலர் நினைப்பார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் உப்பின் மேல் போர்வை போல மூடிக்கொள்ளும். போர்வைக்குள்ளே துரு வளரும். உப்பு தண்ணீரில்தான் கரையும். எனவேதான் லீ என்ஃபீல்டு காலத்தில், சுட்டு முடித்ததும் ஒரு புனலை வைத்துக் கொதிக்கும் நீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவும்படி கற்பித்தார்கள். இரும்பைக் காப்பாற்ற அதற்குள் தண்ணீரையே ஊற்றுவதா என்று வியப்பாக இருக்கும். கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு ஓடிவிடும். குழலும் சூடேறிவிடுவதால் மிச்ச ஈரம் விரைவில் உலர்ந்துபோகும். அதன் பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகே எண்ணெய். வரிசை மாறினால் பயனில்லை. இக்காலத்து ராணுவத் தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த உப்பை விடாத வகையைச் சேர்ந்தவை. ஆகையால் இன்றைய படைவீரர்களுக்குக் கொதிநீர் வேலை இல்லை. ஆனால் வெடிமருந்தின் கரியும், குண்டின் மேலுறையிலிருந்து உரசி ஒட்டும் செம்பும் இன்றும் குழலில் படியத்தான் செய்கின்றன. அவற்றுக்கு ஏற்ற கரைப்பான் திரவம் ரைபிளோடு வழங்கப்படுகிறது.

சுத்தம் செய்யாமல் விட்டால் குறி தவறும் என்பது மட்டுமல்ல, உயிரே போகும் என்பதற்கு வியட்நாம் போர் ஒரு சான்று. 1960களின் நடுவில் அமெரிக்க வீரர்களுக்கு எம்16 என்னும் புதிய ரைபிள் கொடுக்கப்பட்டது. அதற்குச் சுத்தமே அதிகம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. முறையான பயிற்சியும் போதவில்லை. போதாக்குறைக்குத் தோட்டாவில் இருந்த வெடிமருந்தின் வகையும் மாற்றப்பட்டிருந்தது. அது அதிகக் கசடு விட்டது. தோட்டா இருக்கும் அறைக்கு அப்போது குரோமியப் பூச்சும் இல்லை. நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த காடு அது. அறைக்குள் துருவும் கசடும் பிடித்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. எதிரி சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வீரர்கள் ஒரு நீண்ட கோலைக் குழலின் முனையில் விட்டுத் தட்டி, அந்தக் கூட்டை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பலர் உயிரிழந்தார்கள். 1967ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் உட்குழு ஒன்று இதை விசாரித்து, பொறுப்பிலிருந்தவர்களைக் கடுமையாகக் குறை கூறியது. அதன் பின்னர் அறைக்குக் குரோமியப் பூச்சுக் கொடுத்தார்கள். துடைக்கும் கருவிகளை எல்லோருக்கும் வழங்கினார்கள். 1968இல் ரைபிளைப் பேணும் முறையைச் சித்திரக் கதைப் புத்தகமாகவே வரைந்து, சாதாரணச் சிப்பாய்க்கும் விளங்கும்படி கொடுத்தார்கள். வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரர் அதை வரைந்தார். கருவி எவ்வளவு புதியதானாலும் துடைக்கும் துணியை அது ஒழித்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். அதாவது தவறாகத் துடைப்பது. வியட்நாமில் நடந்ததைக் கேட்டதும், "அப்படியானால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட வேண்டியதுதானே" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. லீ என்ஃபீல்டின் கயிற்றைப் பற்றி முன்னே சொன்னோம். அதன் ஒரு நுனியில் பித்தளைக் கட்டி ஒன்றும், மறுபக்கத்தில் துணியைக் கோக்கும் கண்ணிகளும் இருக்கும். பித்தளைக் கட்டியைக் குழலின் பின்பக்கமாக உள்ளே போட்டால், அது முனை வழியாக வெளியே வரும். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தால் துணி குழல் முழுவதையும் துடைத்துக்கொண்டு வரும். எளிய வேலைதான். ஆனால் கயிற்றை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் அது குழல் முனையின் விளிம்பில் உரசும். கயிற்றில் மண்ணும் தூசும் ஒட்டியிருந்தால் அது அரம் போல அறுக்கும். ஒருநாள் இழுத்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இழுத்தால் அந்த எஃகு விளிம்பில் ஒரு வடு விழுந்துவிடும். ஊர்க் கிணற்றின் கல் விளிம்பில் தாம்புக்கயிறு பதித்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கயிறு மெல்லியது, கல் கடினமானது. ஆனாலும் கல்தான் தேய்ந்தது.

குழலின் மற்ற இடங்களைவிட இந்த முனை முக்கியமானது. குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்பும் இடம் அதுதான். அந்த விளிம்பு சுற்றிலும் ஒரே சமமாக இருந்தால், குண்டின் பின்னால் வரும் வாயுவும் எல்லாப் பக்கமும் சமமாக வெளியேறும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டை ஒருபுறம் தள்ளிவிடும். குழல் முழுவதும் பளபளவென்று இருந்தாலும் முனை கெட்டால் குறி கெட்டது. சோம்பேறியின் ரைபிள் துருவால் கெடும். அவசரக்காரனின் ரைபிள் துடைப்பதாலேயே கெடும்.

நேயர்களே, இனிச் சரியான முறையைப் படிப்படியாகச் சொல்கிறோம். பயிற்சி முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே கொடுக்கும் கட்டளையே முதன்மையானது. நாம் சொல்வது அந்தக் கட்டளைகளின் காரணத்தை விளங்கிக்கொள்வதற்காக.

முதல் படி, ரைபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்வது. தோட்டாப் பெட்டியை முதலில் கழற்ற வேண்டும். பிறகு அறையைத் திறந்து கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். "இப்போதுதான் பார்த்தேன்" என்பது போதாது. கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ரைபிளின் முனை எந்த நேரத்திலும் ஆளை நோக்கி இருக்கலாகாது. துடைக்கும் இடத்தில் தோட்டாக்களை வைத்திருக்கவும் கூடாது.

இரண்டாம் படி, துடைக்கும் திசை. இயன்றவரை பின்பக்கத்திலிருந்து, அதாவது தோட்டா அறையின் பக்கத்திலிருந்து, முனையை நோக்கித் துடைக்க வேண்டும். குண்டு போகும் வழியே துணியும் போக வேண்டும். அப்போது அழுக்கு முனை வழியாக வெளியே விழும். மாற்றித் துடைத்தால் அழுக்கு முழுவதும் இயந்திரப் பகுதிக்குள் போய்ச் சேரும், முனை விளிம்பிலும் கோல் இடிக்கும். துடைக்கும்போது முனையைச் சற்றே தாழ்த்தி வைத்தால் திரவமும் பின்னோக்கி வழியாது. சிலவகைத் துப்பாக்கிகளில் பின்பக்கம் திறக்க வழி இருக்காது. அவற்றை முனையிலிருந்துதான் துடைத்தாக வேண்டும். அப்போது கோல் விளிம்பில் படாதபடி முனையில் பொருத்தும் வழிகாட்டி வளையத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி, கரைப்பது. கரைப்பான் திரவத்தில் நனைத்த துணித் துண்டை ஒருமுறை நேராகச் செலுத்தி எடுக்க வேண்டும். பிறகு சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பாதி வேலை நடக்கிறது. சோறு அடிப்பிடித்த பானையை உடனே சுரண்டுகிற பெண் பானையைக் கெடுக்கிறாள். தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிற பெண் விரலாலேயே வழித்தெடுக்கிறாள். குழலிலும் அழுக்கை எடுக்க வேண்டியது திரவம். நம் கை அதைச் சுமந்து வெளியே கொண்டுவருவதற்கு மட்டும்தான். செம்பைக் கரைக்கும் சில திரவங்கள் வீரியமானவை. குப்பியில் குறித்த நேரத்துக்கு மேல் அவற்றைக் குழலில் விட்டுவைக்கலாகாது.

நான்காம் படி, பிரஷ். குழலின் அளவுக்கு ஏற்ற வெண்கலக் கம்பிப் பிரஷையே பயன்படுத்த வேண்டும். வெண்கலம் எஃகைவிட மென்மையானது. எனவே தேய்ந்தால் பிரஷ்தான் தேயும். எஃகுக் கம்பிப் பிரஷ் போட்டால் குழல் தேயும். பிரஷ் குழலின் நடுவில் இருக்கும்போது முன்னும் பின்னும் இழுத்தாட்டக் கூடாது. ஒரு முனையில் நுழைந்தது மறு முனையில் முழுவதுமாக வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். பிரஷைத் திரவக் குப்பிக்குள் முக்கி எடுப்பதும் தவறு. குழலின் அழுக்கு குப்பிக்குப் போய், குப்பியிலிருந்து மறுபடியும் குழலுக்கு வரும். திரவத்தைப் பிரஷின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி, கோலைத் துடைப்பது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் கோலை ஒரு துணியால் வழித்துவிட வேண்டும். அதில் ஒட்டிய மணல் ஒரு பொடி இருந்தாலும் அது குழலின் சுவரில் கோடு கிழிக்கும். வளைந்த கோலைத் தொடவே கூடாது. அது குழலின் ஒரு பக்கத்தை மட்டும் அரைத்துக்கொண்டே போகும். பல துண்டுகளைத் திருகி மாட்டும் கோலாக இருந்தால் மூட்டுகள் மேடு தட்டாமல் இறுகப் பொருந்தியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி, உலர்த்துவது. உலர்ந்த துணித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்த வேண்டும். கறுப்பாக வந்தது சாம்பலாகி, சாம்பல் வெளுத்து வரும். வெளுத்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் தேய்ப்பது உழைப்பும் அன்று, பக்தியும் அன்று. தோட்டா அறையைத் தனிப் பிரஷால் தனியே துடைக்க வேண்டும். அங்கே எஞ்சும் திரவத்தையும் கட்டாயம் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஏழாம் படி, எண்ணெய். துப்பாக்கிக்கென்று கொடுக்கும் மெல்லிய எண்ணெயில் ஒரு துணியைத் தோய்த்து, பிழிந்து, ஒருமுறை செலுத்தினால் போதும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் இருக்க வேண்டும். வழிய வழியப் போட்டால் தூசியைப் பிடித்துச் சேறாக்கிவிடும். அடுத்த முறை சுடுவதற்கு முன் அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்.

சுடுமுன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று, தோட்டா இல்லாத ரைபிளின் பின்பக்கம் வழியாகப் பார்ப்பது மிக மிக அவசியம். துடைக்கும்போது அறுந்த துணித் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். சேறு புகுந்திருக்கலாம். நம் நாட்டில் நெடுநாள் சும்மா கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அடைப்பு இருக்கும் குழலில் சுட்டால் வெளியேற வழியில்லாத வாயு குழலையே பிளந்துவிடும். சுட்டவருக்குக் கையோ கண்ணோ உயிரோ போகும். இதற்காகவே ராணுவத்தில் அதிகாரி ஒவ்வொரு குழலாக ஏந்திப் பார்க்கிறார். "என் பிள்ளையை ரைபிளில் தூசி இருந்தது என்று சனிக்கிழமை வீட்டுக்கு விடவில்லையாம்" என்று வருந்தும் தாய்மார்கள், அந்தக் கண்டிப்பு பிள்ளையின் கையையும் கண்ணையும் காப்பதற்கான கண்டிப்பு என்று எண்ணி ஆறுதல் கொள்ள வேண்டும்.

இனிச் செய்யக்கூடாதவை சில. குத்துவிளக்கையும் செம்பையும் துலக்க நாம் புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் பயன்படுத்துகிறோம். பித்தளைக்கு அது பொருந்தும். குழலுக்கு இம்மூன்றும் எமன். புளியின் அமிலம் எஃகை அரிக்கும். சாம்பலும் செங்கற்பொடியும் வரம்புகளை மழுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அவ்வாறே. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிப் போனபின் இரும்புக்குக் காவலாக எதையும் விட்டுச் செல்லாது. தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, குழலுக்கு ஆகாது. நாள்பட்டால் அது சிக்குப் பிடித்து, புளிப்பேறி, கேடு செய்யும். ரைபிளைத் தோல் உறையிலும் கான்வாஸ் உறையிலும் நெடுநாள் மூடி வைப்பதும் தவறு. உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பது போலக் குழலிலும் நீர் கோக்கும். சற்று நேரம் பொறுத்துத் துடைத்துவிட வேண்டும்.

காட்டுப்பன்றி பயிரை அழிக்கும் இடங்களில் உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கியின் குழலில் பெரும்பாலும் பள்ளங்கள் இல்லை. ஆனாலும் துருவும் அடைப்பும் அதற்கும் பகை. நாம் சொன்ன முறைகள் அதற்கும் பொருந்தும். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே துடைக்க வேண்டும். தம்பியிடமோ மகனிடமோ கொடுத்துத் துடைக்கச் சொல்வது முறையன்று. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு சுடுகருவிகளுக்கான அதிகத் தண்டனைச் சட்டமும் இவ்விஷயத்தில் மிகக் கடுமையானவை. மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது பழைய தோட்டாவோ குண்டோ தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி நிறுத்தி, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அதைத் துடைத்துப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

இவ்வளவும் கேட்ட பின், "நம் வீட்டில் படையில் இருப்பவர் யாருமில்லையே, நமக்கு இதில் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. களைக்கொல்லி தெளிக்கும் பம்பின் முனைத்துளை அடைத்துக்கொண்டால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஒரு கம்பியை விட்டுக் குடைகிறோம், அல்லது வாயில் வைத்து ஊதுகிறோம். கம்பியால் குடைந்தால் துளை அகன்று, மருந்து ஒருபக்கமாகப் பீய்ச்சும். மருந்தும் வீண், வேலையும் வீண். வாயால் ஊதினால் நஞ்சு உடம்புக்குள் போகும். அது உயிருக்கே உலை வைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, முனையைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் துடைப்பதே சரி. குழலுக்குச் சொன்ன அதே பாடம்தான் இது. முதலில் கரையவிடு, பொறுத்திரு, கருவியைவிட மென்மையான பொருளால் துடை, சுத்தமானதும் நிறுத்து. தையல் இயந்திரம், பால் வெட்டும் உளி, பிள்ளைகளின் சைக்கிள் சங்கிலி என எதை எடுத்துக்கொண்டாலும் இந்த நான்கும் பொருந்தும்.

ரைபிள் உயிரை எடுக்கும் கருவி. அதை யார் மேலும் நீட்ட வேண்டிய தேவை நம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கட்டும் என்பதே நம் எல்லோருடைய வேண்டுதலும். ஆனால் கடமை என்று அதைக் கையில் வாங்கிய பிள்ளை, அதன் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறான். பத்து நிமிடம் பொறுமையாகத் துடைக்கத் தெரிந்த கை, அவசரத்தில் தவறாக விசையை இழுக்காது. முகாமிலிருந்து மகனோ மகளோ வீட்டுக்கு வரும்போது, "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேட்கும் தாய்மார்கள், "குழலைப் பார்த்துத் துடைத்தாயா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிள்ளை வியப்படையும். வானொலியில் கேட்டேன் என்று சொல்லுங்கள்.